ஒருத்திக்கு ஒரு மேஜை

சுகிர்தா,

உனக்கு எழுதும்போதெல்லாம், தேவ கிருபையால் இங்கு எல்லாரும் சுகம் என்றுதான் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. உன் நைனா நேற்று மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது குடையை அவரே தேடி எடுத்துக்கொண்டு போனார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் தானாகத் தேடி எடுத்த முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். நேற்று ஞாயிறு ஆராதனையில் நடந்ததை இதற்குள் யாராவது நீ வேலை செய்யும் திருப்பதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கே கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள். நம் சபையில் அதற்கெல்லாம் ஆள் பஞ்சம் கிடையாது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதி எனக்கு மட்டும்தான் தெரியும். சிடுசிடுக்காமல் கடைசிவரை படி.

போன செவ்வாய்க்கிழமை திருப்பதி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து வாசலில் நின்றாயே, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகம் கறுத்துப்போய் இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு நம் சபையில் உன் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசித்தால் முடிந்தது, அப்புறம் பந்தல்தான். உன் ஓலையை வாசித்தபோது நீ ஊரிலேயே இல்லை. உனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"யாரைக் கேட்டுக்கினு ஓலை குடுத்தீங்க?" என்று கேட்டாய். "என் பேரை மைக்ல படிச்சது எனக்கு வேற எவளோ சொல்லித்தான் தெரியணுமா? நைனா, நீங்களா குடுத்தீங்க?"

உன் நைனா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்க ஆரம்பித்தேன். அவர் பேசாமல் இருந்ததை வைத்து அவர்தான் கொடுத்தார் என்று நீயாக முடிவு செய்துகொண்டாய். திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்து, "நீயாவது எனக்கோசரம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்னு நெனச்சேம்மா" என்றாய். அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாய். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஓலை கொடுத்தது நான். உன் நைனா வேண்டாம் என்றுதான் சொன்னார். "சுகியை ஒரு வார்த்தை கேட்டுக்கினு குடுக்கலாமே" என்று இரண்டு தரம் சொன்னார். நான்தான், "கேட்டா வேணாம்னுதான் சொல்லுவா. ஓலை படிச்சிட்டா தானா வழிக்கு வருவா" என்று அவர் வாயை அடைத்துவிட்டுப் போதகர் வீட்டுக்கு நடந்தேன். பாவம், அந்த மனுஷன் எனக்காக உன் கோபத்தையும் வாங்கிக்கொண்டு காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தூர்க்காரர், கணக்கு வாத்தியார், குடி கிடையாது, பாட்டுக்குழுவில் பாடுவாராம். கை கால் முறிந்தவர்களெல்லாம் கட்டுப் போட்டுக்கொள்ளப் போகும் ஊரிலிருந்து உனக்கு ஒரு கால்கட்டு வருகிறது என்று உன் நைனாகூடக் கேலி செய்தார். ஊரார் கேட்டபோது நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வயசாகிறது, தனியாக இருக்கிறாள், கவலையாக இருக்கிறது, இப்படி. கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அது கவலை இல்லை, சுகி. பொறாமை. உன்மேல்தான். பெற்ற மகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

ஓலைக்குச் சில வாரங்கள் முன்னால் மாவடு ஊறுகாய் எடுத்துக்கொண்டு உன் அறைக்கு வந்தேனே, அன்றைக்குத்தான் அது தெரிந்தது. அதற்கு முன்பே கொஞ்சம் இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு தடவை இங்கே தபால் ஆபீசில் உன் மாமாவுக்கு டிரங்க் கால் போட்டபோது நடுவில் உன் குரல் வந்தது. "சித்தூரு, லைன்லோ உண்டண்டி" என்று நம் ஊரைத் தெலுங்கில் லைனிலேயே இருக்கச் சொன்னாய். என் மகள் இவள் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்தக் குரல் நம் வீட்டில் கேட்ட குரலே இல்லை. யாரையும் கெஞ்சாத, யாருக்கும் பயப்படாத குரல். ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு, மாமா பேச வந்த பிறகும் அந்தக் குரலையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா இரண்டு தரம் ஹலோ ஹலோ என்று கத்தினார்.

உன் அறையைப் பற்றி என்ன சொல்ல. அதை அறை என்று சொல்வதா, துணிக்கடையைக் கொள்ளையடித்த இடம் என்று சொல்வதா? குறுக்கே ஒரு கயிறு, அதில் உன் துணியும் உன்னோடு தங்கியிருக்கும் ரமாதேவியின் துணியும். எது காய்ந்தது, எது காயாதது என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மூடி தொலைந்துபோன பவுடர் டப்பா, தட்டில் பாதி கடித்த பன், கட்டிலுக்கு அடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ். வீட்டுக்கார அம்மா கவிச்சி வாசனை பட்டாலே வெளியே போகச் சொல்லிவிடுவாள் என்று, நீங்கள் இரண்டு பேரும் முட்டை வேக வைக்கும்போதெல்லாம் ஊதுபத்தி ஏற்றுகிறீர்கள். வேளா வேளைக்கு ஊதுபத்தி மணக்கிறதே, எவ்வளவு பக்தியுள்ள பெண்கள் என்று அவள் மாடிப்படியில் என்னிடமே சொன்னாள். முட்டை ஓட்டைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டு பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய்ப் போடுகிறாயாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "துன்றது முட்டை, பயம் என்னவோ ஆனையைத் துன்னாப்போல" என்று திட்டினேன். ரமாதேவிக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும், அவளும் சேர்ந்து சிரித்தாள். நீங்கள் இருவரும் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தபோதுதான் அந்தப் பொறாமை எனக்கே பிடிபட்டது. துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தேன். பெருக்குவதாகச் சாக்கு.

மத்தியானம் நீ என்னை ஓட்டலுக்குக் கூட்டிப் போனாய். சர்வர் உன்னைப் பார்த்ததும் பழக்கத்தில் "ஒக்கரேனா, மேடம்?" என்று கேட்டான். ஒருத்தி மட்டும்தானா என்று. பிறகு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். நீ உட்கார்ந்ததும் பொருமித் தள்ளினாய். "தெனமும் இதே கேள்விம்மா. ஒருத்திதான், ஒருத்திதான்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. நாலு பேர் உக்கார்ற மேஜையில நான் ஒருத்தி உக்காந்துகினு இருந்தா எப்ப எழுந்திருப்பான்னு சுத்தி நின்னுக்கினு பாக்கறாங்க. ஃபேமிலி ரூம்ல போய் உக்காரலாம்னா அங்க விடமாட்டான். நான் ஃபேமிலி இல்லியாம்." உன் தோசை ஆறிக்கொண்டிருந்தது. நான் ஆமாம் ஆமாம் என்றேன். ஆனால் எனக்குள் ஓடியது வேறு. என்னை ஒருவரும் ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லையே என்றுதான் நினைத்தேன். நான் எங்கே போனாலும் எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள்.

அதற்கு மேல் நடந்ததை நினைத்தால்தான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அறைக்குத் திரும்பியதும் ரமாதேவி வேலைக்குக் கிளம்பிப் போனாள். நீ அந்த ஆளைப் பற்றிச் சொன்னாய். உன் ஆபீசிலேயே வேலை செய்தவன், இரண்டு வருஷமாக பஸ் நிற்கும் இடம் வரை உன்னோடு நடந்து வந்தவன், பிறகு அம்மா சொன்னாள் என்று வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு உனக்கே பத்திரிகை நீட்டியவன். கயிற்றில் தொங்கிய ஈரப்புடவையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். "எனக்கும் ஆசை இல்லாம இல்லம்மா. ரமாதேவி நைட் டூட்டிக்குப் போயிட்டா, ஜொரம் வந்தா ஒரு வாய்த் தண்ணி வெச்சிக் குடுக்க ஆள் இல்ல. லீவு நாள் வந்தா பயமா இருக்குது. அதுக்குன்னு யாரோ ஒருத்தன் பக்கத்துல போய் உக்காரவும் மனசு வரல. என்னா பண்றதுன்னே தெரியல."

நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். நல்ல தாயாக நின்றேன். உள்ளே என்ன நினைத்தேன் தெரியுமா? இவளுக்கு அழுவதற்கு ஒருவன் இருந்திருக்கிறானே என்று நினைத்தேன். நான் மாமியார் திட்டி அழுதிருக்கிறேன், வெங்காயம் நறுக்கி அழுதிருக்கிறேன், உன் தம்பிக்கு அம்மை போட்டபோது அழுதிருக்கிறேன். ஒருவன் கிடைக்காமல் போனான் என்று அழும் சந்தர்ப்பம் எனக்கு வரவே இல்லை. உன் கண்ணீரைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன் என்றால் நான் எப்படிப்பட்டவள் என்று நீயே முடிவு செய்துகொள்.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சந்திரகிரிக் கோட்டை தாண்டும்போது பொறாமை கோபமாகிவிட்டது. இந்த அலங்கோலத்தில் வாழ்கிறாளே, தட்டைக் கழுவவில்லையே, எவனோடோ ரோட்டில் நடந்திருக்கிறாளே என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். உனக்கு இப்போது இருக்கும் வயதில் நான் வரதய்யபாளையத்தில் இருந்தேன். உன் நைனாவுக்கு அங்கேதான் முதல் வேலை. நீயும் உன் தம்பிகளும், மாமியாரும், கல்யாணமாகாத நாத்தனாரும் எல்லாரும் ஒரே கூடத்தில் படுப்போம். குளிக்கப் போனால் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை "அம்மா, அம்மா" என்று நிற்கும். என் அம்மா பக்கத்திலிருந்து எழுந்து உன் நைனா பக்கத்தில் போய்ப் படுத்தவள் நான். ஒரு அறையில் தனியாக ஒரு இரவு படுத்தால் எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீயோ ரமாதேவிக்கு ராத்திரி வேலை வரும் நாளெல்லாம் அப்படி இருந்துகொண்டு அழுகிறாய். நான் பட்டதை நீயும் படு என்று இருந்தது. அதற்குள் புத்தூரிலிருந்து உன்னைப் பெண் கேட்டுச் சொல்லி அனுப்பினார்கள். நான் ஒரு நாள்கூடக் கடத்தவில்லை.

முதல் ஞாயிறு உன் பெயரை வாசித்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. பெண்கள் பக்கத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இனி இவளும் நம்மில் ஒருத்தி என்று எனக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதி செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான். நீயாவது கேட்டிருப்பேன்னு நெனச்சேன் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. என்னை உன் பக்கத்து ஆள் என்று நீ நம்பியிருந்தாய். நான் முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் ஓலை வாசித்ததை உனக்கு நான் சொன்னதே இல்லை. எனக்குப் பதினெட்டு வயது. அதே சபை, அதே பெண்கள் பக்கம். உன் நைனாவின் பெயரை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று அப்போதிருந்த போதகர் கேட்டார். நான் தலையைக் குனிந்தபடியே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கண்ணை ஓட்டினேன். உன் நைனாமேல் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை, ஆளையே பார்த்ததில்லை, வெறுப்பு எங்கிருந்து வரும்? யாராவது எழுந்து, இந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கேட்க மாட்டார்களா என்று இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. போதகர் பக்கத்தைத் திருப்பிவிட்டார். பதில் வரும் என்று நினைத்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

நேற்றும் அப்படித்தான். உன் பெயரையும் அவர் பெயரையும் வாசித்து, இது இரண்டாம் முறை என்று சொல்லி, தடை உண்டா என்று கேட்டுக்கொண்டே போதகர் காகிதத்தை மடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்தவள் என் முந்தானைமேல் உட்கார்ந்திருந்தாள். இழுத்துக்கொண்டு எழுவதற்குள் பாதி சபை திரும்பிவிட்டது.

"ஐயா, தடை இருக்குதுங்க" என்றேன்.

போதகருக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா தடை?"

"இப்ப படிச்சீங்களே, அந்தக் கல்யாணத்துக்கு. சுகிர்தா. என் பொண்ணு."

"ஓலையே நீங்கதானேம்மா கொண்டாந்து குடுத்தீங்க?"

"ஆமாங்க. அவங்க நைனா வேணாம்னாரு. நான்தான் கேக்காம குடுத்துட்டேன். பொண்ணை ஒரு வார்த்தை கேக்கலீங்க."

பின்னால் யாரோ, "இதுக்கு என்னா, பைத்தியமா புடிச்சிக்கிச்சி?" என்றார்கள். குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். போதகர் ஆராதனை முடிந்ததும் பேசிக்கொள்ளலாம், உட்காருங்கள் என்று கையைக் காட்டினார்.

"பேசறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. மூணாவது வாரம் படிக்காதீங்க. அவளே வந்து படிங்கன்னு சொன்னா அப்ப படிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என்ன பாட்டுப் பாடினார்கள், என்ன பிரசங்கம், ஒன்றும் காதில் ஏறவில்லை.

இதில் உன் நைனாவுக்குக் கோபம் வராமல் இருக்குமா? வெளியே வந்ததும், "வூட்ல சொல்லியிருந்தா நானே போய் நிறுத்தியிருப்பேனே. சபையில வெச்சி மானத்தை வாங்கணுமா?" என்றார். சொன்னது நியாயம்தான். வீட்டில் வைத்து நிறுத்தியிருந்தால் உன் நைனாதான் நிறுத்தினார் என்று ஆகியிருக்கும். மைக்கில் வாசித்ததை மைக்குக்கு எதிரே நின்றுதான் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் அதை விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. அவர் விடுவிடு என்று வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார். புத்தூருக்கு நாளைக்கு நானே போய் அந்தப் பையனின் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரப்போகிறேன். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. கொஞ்ச நாளைக்கு இங்கே என்னைப் பார்த்தால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். நிறுத்தட்டும்.

உன்னிடம் கல்யாணம் செய்துகொள் என்றோ, செய்துகொள்ளாதே என்றோ சொல்லும் யோக்கியதையை நான் இழந்துவிட்டேன். புத்தூர்க்காரரையே பார்த்துப் பேசிப் பிடித்திருந்தால் சொல், அதுவும் சரி. தெரிந்த இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஸ்டவ்வைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதே, துணி நுனி பட்டால் போயிற்று. பத்திரிகை நீட்டிய அந்த ஆள் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஒருநாள் உன் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து நிற்பான். அவனோடு நடக்காதே. ஜுரம் வந்தால் எக்ஸ்சேஞ்சிலிருந்து இங்கே தபால் ஆபீசுக்கு ஒரு கால் போடு. நான் பஸ் ஏறிவிடுவேன். வந்து கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, உன் அறையைப் பார்த்து வயிறெரிந்துகொண்டே கயிற்றுத் துணியை மடித்து வைப்பேன். அந்தப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. நேற்று நான் எழுந்து நின்றதில்கூட அது கொஞ்சம் இருந்திருக்கும். எனக்குக் கிடைக்காத ஒன்றை நானே கையால் நெரித்துப் போட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று, இதை உன் நைனாவிடம் சொல்லாதே. அவர் முன்னால் போய்விட்ட பிறகு நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து, அங்கே இருக்கும் ஓட்டலில் ஏறினேன். நாலு நாற்காலி போட்ட மேஜை. பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். நீ சொன்னது நிஜம்தான், எப்போது எழுந்திருப்பாள் என்றுதான் பார்க்கிறார்கள். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. அதற்குள் சர்வர் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே வந்து, எனக்குப் பின்னால் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை.

"ஒக்கரேனாம்மா?" என்றான். "ஒருத்திதான்" என்றேன். சுகி, அந்தக் குரல் டெலிபோனில் நான் கேட்ட உன் குரல் மாதிரியே இருந்தது.

அம்மா